பாசிலிசாவின் மரத்துக்குப் போட்ட புகை

எலியோடோரோ மாமரங்களுக்குப் புகை போடுகிறவர். பிலிப்பைன்ஸில் எங்கள் குயிமராஸ் தீவில் மரத்தைப் பூக்க வைக்க அவரைத்தான் கூப்பிடுவோம். மரத்தடியில் சருகைக் குவித்து, மேலே பச்சை இலை போட்டு, தீ எரியாமல் நாள்கணக்கில் புகைய விடுவார். அந்தப் புகையிலுள்ள ஒரு வாயு மொட்டை எழுப்பும். மூட்டம் போட்ட வாழைத்தார் பழுப்பதும் அதே வாயுவால்தான். விளைச்சலில் பாதி அவருக்கு.

யார் சொல்லையும் நம்பமாட்டார். சருகு காய்ந்துவிட்டது என்றால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

அந்த வருடம் அவர் புகை போட்டும் பாசிலிசாவின் பெரிய மரம் பூக்கவில்லை, செந்தளிராகத் தள்ளியது. வேலிக்கு அப்பால், எலியோடோரோவின் மைத்துனன் தெல்மோவின் மரத்தில் இலை தெரியாமல் பூ.

பாசிலிசா வேலியருகே நின்று கத்தினாள்.

"என் முற்றத்துல நின்னுக்கிட்டு மச்சான் மரத்துக்குப் புகை போட்டியா? கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்றேன் பாரு. இனிமே எவன் உனக்கு மரம் குடுக்கிறான்னு பாக்கறேன்!"

அவள் சொன்னால் ஊர் கேட்கும். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

"காத்து அந்தப் பக்கம் அடிச்சா நான் என்னக்கா செய்ய? சாக்குல பிடிச்சா வைக்க முடியும்?"

"அவனுக்குப் பூ, எனக்குத் தழை. காத்துக்கு உன் மச்சான் வீடு மட்டும்தான் தெரியுமோ?"

எலியோடோரோ அவள் மரத்தில் ஏறினார். உச்சிக் கிளையில் தளிருக்குக் கீழே இருந்த இலை ஒன்றைக் கையில் கசக்கினார். முற்றிய இலை நொறுங்கும். இது துணிபோல மடங்கியது. முற்றாத கிளையில் புகை எழுப்புகிற மொட்டு பூவாகாது, தளிராகிவிடும். இறங்கி, மரத்தைச் சுற்றி வந்தார். வேர்ப்பக்கம் மண் கறுத்து நாறியது.

"பன்னிக் கொட்டில் கழுவுற தண்ணி எங்கே போவுது?"

"எங்கேயோ போவுது."

"அக்கா."

"உரம் போட்டா நாலு காய் கூட வருமேன்னு திருப்பி விட்டேன். என் மரம், என் பன்னி."

"அதான் மரம் தழைஞ்சுக்கிட்டே கெடக்கு. நானும் கீழ்க்கிளையை மட்டும் கசக்கிப் பாத்துட்டுத் தீ மூட்டிட்டேன். அது என் தப்பு."

தெல்மோவின் மரத்தில் இலை முற்றியிருந்தது. காற்றில் ஒதுங்கிவந்த புகையே அதற்குப் போதுமாயிருந்தது.

பாசிலிசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அடுத்த வருஷமும் நீயே போடு. ஆனா நான் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காருவேன்."

"உக்காருங்க. இப்போ வாய்க்காலை அடைங்க. நான் பாக்கணும்."

"நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

அவள் முணுமுணுத்தபடி மண்வெட்டியை எடுத்தாள். கடைசி மண் விழும்வரை அவர் நகரவில்லை.