போஞ்சிப் பாத்தியில் தொங்கிய சீடி

லெபனானிலிருந்து லீவில் வந்த தங்கையோடு நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனோம். அங்கே கசெட்டில் எடுத்த வீடியோவை முதலில் சீடியாகவும், பிறகு டிவிடியாகவும் ராகலை டவுனில் வீடியோக் கடையில் போட்டு வாங்கினேன்; கசெட் கடைக்காரரிடமே இருந்தது. இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். டிவிடியில் படம் பளிச்சென்று இருந்தது. சினிமாப் பாட்டும் சேர்த்திருந்தார்கள்.

“மங்கலா இருக்கிறத வச்சு என்னய்யா செய்யப்போற?” என்றார் அம்மா. பீன்ஸ் பிஞ்சைக் கொத்தும் குருவியை விரட்ட அந்தச் சீடியைப் போஞ்சிப் பாத்தியில் கட்டினேன்.

லெபனானுக்குத் திரும்பிய தங்கை அங்கேயே இறந்துபோனாள். அவள் பேச்சைக் கேட்க டிவிடியைப் போட்டோம். வாய் அசைகிறது, பாட்டுத்தான் கேட்கிறது. சீடியில் அவள் பேச்சு இருந்ததே என்று பாத்திக்கு ஓடினேன். சீடி மழையில் உரிந்து வெறும் கண்ணாடியாகத் தொங்கியது. கடைக்காரரோ, “அந்தக் கசெட்ல வேற ஒரு வீட்டுக் கல்யாணம் எடுத்தாச்சுங்களே” என்றார்.

இப்போது சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் டிவிடியைப் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் அவள் வாய் அசையும் அதே இடத்தில் அம்மா சொல்கிறார்: “இந்தா, என்னையத்தான் கூப்பிடுறா.”