பின்னுக்கு எடுக்காத வண்டி

காருக்குப் பின்னால் பூட்டிய வண்டியைப் பின்னுக்கு எடுக்க என் அப்பாவுக்குத் தெரியாது. இந்த ஒரு வசனத்தை எழுத எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் அது அவ்வளவு பெரிய இரகசியம். அதாவது, வீட்டில் நால்வருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அந்த வண்டியை நாங்கள் கேம்பர் என்போம். மூடியிருக்கும்போது ஒரு பெரிய தகரப் பெட்டிக்குச் சில்லுப் பூட்டியதுபோல் இருக்கும். பக்கத்தில் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் கூரை மெல்ல எழும்பும். இரண்டு பக்கமும் கட்டில்களை வெளியே இழுத்தால் கான்வஸ் சுவர்கள் விரிந்து நிற்கும். அவ்வளவுதான், வீடு தயார். அப்பாவோடு வேலை செய்த ஒருவர் பாவித்து அலுத்துப் போய் விற்றது. சிட்னியில், ஹோம்புஷில் நாங்கள் இருந்த இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டைவிட எனக்கு அதைத்தான் பிடிக்கும். அதற்குள் படுத்தால் தங்கச்சி என் கட்டிலுக்கு வர முடியாது.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு ஏழு. அம்மாவின் ஒரே தம்பிக்குப் பேர்த்தில் கலியாணம் நிச்சயமானது. பெண் வீட்டாரும் யாழ்ப்பாணத்தவர்கள்தான். அம்மாவின் பெற்றோரால் ஊரிலிருந்து வர முடியவில்லை. சிட்னிக்கு வந்த ஒருவரிடம் தாலியையும் கூறைச் சேலையையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை பக்கத்துக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே இரத்த உறவு அம்மா. தாலியும் கூறையும் வைத்த தட்டை ஏந்திச் சபைக்குக் காட்ட வேண்டியவளும் அக்காவான அவள்தான். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் போய்ச் சேராவிட்டால் தாலியும் இல்லை, கூறையும் இல்லை.

"தபாலில போடுற சாமானே இது?" என்றாள் அம்மா. நாலு பேரும் விமானத்தில் போவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். "கேம்பரைப் பூட்டிக்கொண்டு நாட்டைப் பாத்துப் பாத்துப் போவம்" என்றார் அப்பா. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, ஏழு நாள் ஓட்டம்.

இனி அப்பாவின் சகுனக் கதைக்கு வருகிறேன். அப்பா இராகு காலம் பார்க்கிறவரைக் கண்டால் சிரிக்கிற ஆள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிற உத்தியோகம். எதற்கும் அளவும் ஆதாரமும் கேட்பார். அப்படிப்பட்டவருக்குக் கேம்பர் வாங்கிய மூன்றாம் வாரம் திடீரென்று ஒரு நம்பிக்கை பிறந்தது. "நல்ல காரியத்துக்குப் போகேக்க வண்டியைப் பின்னுக்கு எடுக்கக்கூடாது" என்று சொல்லத் தொடங்கினார். அதற்கு முதல் வாரம்தான் அதைப் பின்னுக்கு எடுக்கப் போய் அடுத்த வீட்டுக்காரரின் வேலியில் ஒரு துண்டைக் கொண்டுபோயிருந்தார். பின்னால் பூட்டிய வண்டிக்கு ஒரு குணம் உண்டு. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகும். முன்னுக்கு ஓட்டிப் பழகிய கை அதைக் கேட்காது.

புறப்படுவதற்கு முதல் நாள் அப்பாவும் அடுத்த வீட்டுக்காரரும் கேம்பரைக் கையால் தள்ளி, தெருவைப் பார்க்க நிறுத்தினார்கள். அடுத்த வீட்டுக்காரர் வேலியை மறந்திருக்கவில்லை. அவராகவே உதவிக்கு வந்தார்.

வழியில் இரவு தங்க வண்டிகளை நிறுத்துகிற ஒவ்வொரு கேரவன் பார்க்கிலும் இதே கூத்துத்தான். அப்பா மத்தியானம் மூன்று மணிக்கே நிறுத்திவிடுவார். ஆட்கள் வந்து நிறைவதற்கு முதல், கேம்பரைக் கழற்றி எங்களை வைத்துத் தள்ளி ஒதுக்க வேண்டும். பிறகு வருகிற கூட்டத்தை நாங்கள் வேடிக்கை பார்ப்போம். காற்சட்டை போட்ட வெள்ளைக்கார அப்பாமார் ஒரு கையில் சிகரெட்டோடு ஒரே எடுப்பில் வண்டியை உள்ளே விடுவார்கள். நான் அவமானத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அம்மா மடிப்புக் கதிரையில் இருந்து வெங்காயம் வெட்டியபடி பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அம்மா ஊரில் கணக்கு ரீச்சர். இங்கே வந்தபிறகு ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. அழுக்குத் துணி நிரம்பிய தள்ளுவண்டிகளைச் சேர்த்துக் கொளுவி, நிலவறைக்குக் கொண்டுபோய், சலவைத் துணிகளோடு திரும்பவும் மேலே கொண்டுவர வேண்டும். எங்கள் ஆட்கள் கூடுகிற இடத்தில், மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அப்பா "ஆஸ்பத்திரியில" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேசுவார். கேட்டவர் நேர்ஸ் என்று நினைத்துக்கொள்வார். அப்பா திருத்தமாட்டார். அம்மாவும் திருத்தமாட்டாள். எனக்கு அது அப்போதே பிடிப்பதில்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாது.

புதன்கிழமை மரமே இல்லாத ஒரு பெரிய வெளிக்கு வந்தோம். தார் றோட்டு முடிந்து செம்மண் றோட்டு. தூசு கண்ணாடி இடுக்கால் ஏறி வந்து எங்கள் பல்லில் கடிபட்டது. தாலியும் கூறையும் இருந்த சூட்கேஸை அம்மா பிளாஸ்ரிக் விரிப்பால் மூன்று சுற்றுச் சுற்றிக் கேம்பரின் நடுவில் வைத்திருந்தாள். தெற்கே கடல், நிலம் அப்படியே மதில்போல் அறுந்து விழுகிற இடம் என்று அப்பா சொன்னார். பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வரைபடத்தில் ஒரு சிறு பாதை கடல்வரை போய், வளைந்து, திரும்பவும் பெருஞ்சாலையில் சேர்ந்தது.

"சுத்தி வரலாம்" என்றார் அப்பா. அவருக்குப் பிடித்த சொல் அதுதான்.

பாதை போகப் போக ஒடுங்கியது. ஓரிடத்தில் கொஞ்சம் அகலம் இருந்தது. அம்மா சொன்னாள், "இஞ்சாருங்கோ, இதில ஒருக்காப் பின்னுக்கு எடுத்துத் திருப்புவம். அங்கால வழி இருக்கோ தெரியேல்லை."

"கூறையை வைச்சுக்கொண்டு பின்னுக்கு எடுக்கிறதோ? வாயை வைக்காதையும்."

அரை மைல் தள்ளிப் பாதை முடிந்தது. வரைபடத்தில் வளைவு இருந்த இடத்தில் ஒரு மணல் மேடு கிடந்தது. இடப்பக்கம் மணல், வலப்பக்கம் நிலம் சரிந்து ஓர் ஓடைக்குள் இறங்கியது. திருப்ப இடமில்லை. கேம்பரைக் கழற்றலாம் என்றால், அதைக் காரோடு பூட்டியிருந்த கொளுவி தூசியில் இறுகிப்போய் அசையவில்லை. அப்பா சுத்தியலால் அடித்தார், எண்ணெய் விட்டார், காலால் உதைத்தார். பிறகு வேறு வழியில்லாமல் பின்னுக்கு எடுக்கத் தொடங்கினார்.

கேம்பர் குறுக்கே திரும்பியது. முன்னுக்கு எடுத்து நேராக்கி மறுபடி பின்னுக்கு எடுத்தார். மற்றப் பக்கம் திரும்பியது. ஒரு மணித்தியாலம் போராடியும் பத்து அடிகூட நகரவில்லை. கடைசி முறை ஒரு சில்லு ஓடைக் கரையில் இறங்க, கேம்பர் சரிந்து நின்றது. தங்கச்சி அழத் தொடங்கினாள். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சேட்டு முதுகில் ஒட்டியிருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாய் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. அந்தப் பாதையால் இன்னொரு வாகனம் எப்போது வரும், வருமா என்றே தெரியாது. பேர்த்துக்கு இன்னும் மூன்று நாள் ஓட்டம். கையில் ஒரு நாள்கூட மிச்சமில்லை.

"நான் ஒருக்காப் பாக்கட்டே?" என்றாள் அம்மா.

அம்மாவிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தவிர அப்பா ஓட்ட விட்டதில்லை. அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

அம்மா முதலில் எங்களிடம் வந்தாள். "சூட்கேஸை எடுத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கோ. வண்டி பிரண்டாலும் அது பிரளக்கூடாது." பிறகு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஏறினாள். அப்பாவைக் கூப்பிட்டு, "இடம் வலம் எண்டு கத்தாதேங்கோ. கண்ணாடியில தெரியிற மாதிரி நிண்டு, பின்பக்கம் எங்க போகவேணுமோ அங்க கையைக் காட்டுங்கோ" என்றாள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒருவர் கட்டளை போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் ஸ்டியரிங்கை மேலே பிடிக்கவில்லை. ஒரு கையை அடியில், மடிக்குக் கிட்ட வைத்துக்கொண்டாள். கை இடப்பக்கம் போனால் கேம்பரின் பின்புறமும் இடப்பக்கம் போனது. முதலில் முன்னுக்குக் கொஞ்சம் எடுத்து, சரிந்த சில்லைக் கரையேற்றினாள். பிறகு மெல்ல மெல்ல, ஆள் நடக்கிற வேகத்தில், பின்னுக்கு. அப்பா இரண்டு கையையும் உயர்த்திக் காட்டியபடி பின்புறமாகவே நடந்தார். நானும் தங்கச்சியும் சூட்கேஸை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு பற்றைச் செடிகளுக்குள்ளால் கூடவே நடந்தோம். ஒரு தடவை கேம்பர் கோணத் தொடங்கியது. அம்மா நிறுத்தினாள், முன்னுக்கு எடுத்து நேராக்கினாள், திரும்பவும் தொடங்கினாள். அவசரமே இல்லை. வகுப்பில் பிழைத்த கணக்கை அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறதுபோல் இருந்தது. அப்படியே அரை மைல்.

அகலமான இடம் வந்ததும் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கினாள். நான் ஓடிப்போய் அவளுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வெளியில் இதைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார அப்பாகூட இல்லையே என்று அழுகையே வந்தது.

அப்பா தண்ணீர்ப் போத்தலை அவளிடம் நீட்டினார். "எங்க பழகினனீர்?"

"வெங்காயம் வெட்டேக்க எல்லாரையும் பாத்தனான். ஆனா கை பழகினது லோண்ட்ரியில. ரெண்டு தள்ளுவண்டியைச் சேத்துக் கொளுவினா லிஃப்டில இருந்து பின்னுக்குத்தான் எடுக்கவேணும். அஞ்சு வருசமா ஒரு நாளைக்கு நாப்பது தரம். ரெண்டும் ஒரே கணக்குத்தான்."

"ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே" என்றாள் அம்மா. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அப்பாவை இன்னும் சுட்டிருக்க வேண்டும். அன்று முழுக்க அவர் மழையைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பேர்த்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை, வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய மண்டபத்தில் கலியாணம். அம்மா சிவப்புச் சேலை உடுத்து, தாலியும் கூறையும் வைத்த தட்டை ஏந்தி, ஒவ்வொரு வரிசையாகக் கொண்டுபோய் ஆசி வாங்கினாள். கூறையில் ஒரு துளி தூசி இல்லை. நான் அவளுக்குப் பின்னால் பூத்தட்டோடு போனேன். அப்பா இருந்த வரிசைக்கு வந்தபோது, அவர் பக்கத்தில் இருந்த பெண்ணின் பெரியப்பா, கோட்டுப் போட்ட ஒரு டொக்டர், தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்பாவைக் கேட்டார்.

"மாப்பிள்ளையின்ர அக்கா சிட்னியில என்ன வேலை செய்யிறா?"

நான் வழக்கமான பதிலுக்கும் மழைக்கும் காத்திருந்தேன்.

"ஆஸ்பத்திரி லோண்ட்ரியில வண்டில் தள்ளுறா" என்றார் அப்பா. அந்த வரிசை முழுக்கக் கேட்கிற குரல். "எனக்குப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது. அந்த வெளிக்குள்ள கொண்டுபோய் வண்டியை மாட்டிப்போட்டன். அந்த வண்டில் தள்ளின கைதான் இந்தக் கூறையை இஞ்ச கொண்டுவந்து சேத்தது."

டொக்டர் தலையாட்டி, "ஓம், ஓம்" என்றார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்து, அடுத்தவரிடம் தட்டை நீட்டினாள். அவளுடைய முகத்தில் அன்று இருந்ததை நான் அதற்குப் பிறகு பல முகங்களில் தேடியிருக்கிறேன். அப்பாவை நினைத்து நான் பெருமைப்பட்ட நாள் எது என்று என்னைக் கேட்டால் அதுதான்.

மூன்றாம் நாள் சிட்னிக்குத் திரும்ப ஆயத்தமானோம். மாமாவும் மாமியும் வழியனுப்ப வந்திருந்தார்கள். கேரவன் பார்க்கில் ஆட்கள் கதிரைகளில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் யாரோ ஒருவருடைய லொறி வழியை மறித்து நின்றது. அதை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார் மாமா.

"தேவையில்லை" என்றார் அப்பா. அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் இரண்டு கையையும் உயர்த்தினார்.

நாங்கள் பின்னுக்கு எடுத்துத்தான் புறப்பட்டோம்.