மெக்சிகோ சீட்டும் என் வாயும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாவம் செய்தேன். அதாவது... ஒன்றுமே செய்யாமல் இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் காபி வந்தது, குடித்தேன். போண்டா வந்தது, அதையும் சாப்பிட்டேன்.

சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்கள் என்று வாரா வாரம் கடிதம் போடும் வாசகர்கள் இந்த ஒரு வாரம் மன்னிக்க வேண்டும். நான் கோபத்தில் இருக்கிறேன். யார் மேல் கோபம்? படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். மெட்ராஸில் ஒரு மாணவர் பரிமாற்றக் கழகம் இருக்கிறது. காலேஜில் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து நான்கு மாதம் மெக்சிகோவுக்கு அனுப்புகிறார்கள். ஆமாம், மெக்சிகோவுக்குத்தான்! முதலில் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பேசுகிற ஸ்பானிஷ் மொழியை அவர்கள் வீட்டிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். அப்புறம் மலை, காடு என்று நடை. கடைசியில் ஒரு மலைக் கிராமத்தில் தங்கி, பள்ளிக்கூடம் கட்டுவது, மரம் நடுவது என்று ஊருக்கு உழைக்க வேண்டும். போகிற செலவு, வருகிற செலவு எல்லாம் அவர்களுடையது.

எங்கள் வட்டாரத்துக்கு ஒரே ஒரு சீட்டு. ஆளைத் தேர்ந்தெடுக்க திருப்பூரில் மூன்று பேர் கொண்ட கமிட்டி. தலைவர் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. அடுத்தவர் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். மூன்றாவது ஆள் நான். பத்திரிகையில் எழுதுகிறவன் ஒருவன் கூட இருந்தால் கமிட்டிக்கு அழகு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கழகத்திலிருந்து மூன்று கேள்விகளை டைப் அடித்து அனுப்பியிருந்தார்கள். வேறு மொழிக்காரர்களோடு வாழ்ந்து அவர்கள் மொழியைக் கற்க முடியுமா? மலை, காடு பழக்கம் உண்டா? ஊருக்காக ஏதாவது செய்திருக்கிறாரா? நல்ல கேள்விகள்தான். கேள்விகளைக் குறை சொல்ல மாட்டேன்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். முதலில் ஒரு பையன். நல்ல குடும்பத்துப் பிள்ளை. அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு ஆல்பம் கொண்டுவந்தான். மண்வெட்டியோடு ஒரு போட்டோ. கூடையோடு ஒரு போட்டோ. மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது போல் மூன்று போட்டோ. போட்டிருந்த பேண்ட்டில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. மண்வெட்டியில் கடைக்காரர் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தது!

"ஸ்பானிஷ் எப்படி தம்பி கத்துக்குவீங்க?" என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

"புக் வாங்கியாச்சுங்க சார்."

அவன் வீட்டில் பத்து வருடமாகப் பாலக்காட்டுக்காரர் ஒருவர் சமைக்கிறார். பையனுக்கு மலையாளத்தில் ஒரு வார்த்தை வருமா என்று கேட்க என் வாய் வரைக்கும் வந்தது. கேட்டேனா? மூச்!

அடுத்து தெய்வானை வந்தாள்.

பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவரின் மகள். தினமும் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய் பி.ஏ. படிக்கிறாள். கடைசி வருடம். ஆல்பம் கிடையாது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"சமூக சேவை ஏதாச்சும் பண்ணியிருக்கயா கண்ணு?" தலைவர் அன்பாகத்தான் கேட்டார்.

"அப்படிச் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்லீங்க."

"வேற பாசை ஏதாச்சும்?"

"தமிழும் இங்கிலீசும்தானுங்க."

"மலை ஏறிப் பழக்கம் உண்டா?"

"சிவன்மலைக்கு வருசா வருசம் போவமுங்க."

ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டார். காங்கயத்துக்குப் பக்கத்தில் முருகன் கோயில் இருக்கிற சிவன்மலைக்குக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிவிடலாம். அந்தப் பெண் முகம் சிவந்துபோய், "அமராவதி மலைப் பக்கம் கொஞ்ச நாள்..." என்று ஆரம்பித்தாள்.

"ஓ, டேம் பார்க்க டூர் போனயா? ரொம்ப சந்தோசம் கண்ணு!" என்றார் தலைவர்.

"ஆமாங்க" என்றாள்.

ஆமாங்க! இந்த 'ஆமாங்க'வைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அவள் டூர் போகவில்லை. அது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அந்த அறையில் அவளைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"ஊட்ல பொம்பளப் புள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவாங்களா?" என்று ஒரு கேள்வி வேறு. பையனிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. அவள், தன் அப்பா கையெழுத்துப் போட்ட கடிதத்தை எடுத்து நீட்டினாள். அதை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அவள் போனதும் தலைவர் என் பக்கம் திரும்பினார். "பையனையே போட்டரலாமுங்க. என்னங்க எழுத்தாளரே, செரிதானுங்களே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "செரிதானுங்க."

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்குள் என் மனைவி கேட்டாள், "தெய்வானைக்குத்தானுங்களே சீட்டு?"

நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ள சொல்லாட்டி என்னங்க? உங்க வாயில என்ன, கொழுக்கட்டையா?"

என் மனைவிக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. அவள் தங்கை கமலம்தான் அமராவதி நகர் பக்கம் அரசாங்க நர்ஸ். தெய்வானையின் கதை கமலம் வழியாகத்தான் எங்களுக்கு வந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு, கோடை லீவு. அடிவார ஊர்களில் அம்மை கண்டிருந்தது. மேலே மலைக்குள் இருக்கிற குடிகளுக்கு அம்மை குத்தப் போன கமலமும் ஆட்களும் மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினார்கள். இவர்கள் போய்ச் சேரும்போது அடுப்பில் நெருப்பு எரியுமாம், குடிசையில் ஒரு ஆள் இருக்க மாட்டாராம். அத்தனை பேரும் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் அவர்கள் பேச்சு இவர்களுக்கு விளங்காது.

அடிவாரத்தில் தெய்வானையின் மாமன் பண்ணையம் பார்க்கிறார். லீவுக்கு அங்கே வந்திருந்த இவள், நான்காவது முறை கமலத்தோடும் ஆட்களோடும், மருந்துக்கு ஐஸ் வைத்த பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை நடை. காலெல்லாம் அட்டைக் கடி. அன்றைக்கும் எல்லோரும் ஓடிவிட்டார்கள், ஒரு பெண்ணைத் தவிர. அவளுக்குக் காய்ச்சல். பக்கத்தில் பால்குடி மாறாத குழந்தை. ஓட முடியாமல் சுருண்டு கிடந்தாள்.

கமலம் மறுநாள் இறங்கியாக வேண்டும். தெய்வானை இறங்கவில்லை. "நீங்க போங்க சிஸ்டர், இந்த அக்கா எந்திரிச்சு உக்காந்ததும் நான் வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டாளாம்.

பதினொரு நாள் அங்கே இருந்தாள். கஞ்சி காய்ச்சினாள், குழந்தையை வைத்துக்கொண்டாள். காட்டுக்குள் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து இவளை எட்டி நின்று பார்த்தார்கள். இவள் ஒவ்வொரு பொருளையும் காட்டிக் காட்டிப் பெயர் கேட்டாள். தப்பாகச் சொன்னபோதெல்லாம் குழந்தைகள் உருண்டு உருண்டு சிரித்தன. ஒரு வாரத்தில் அவர்கள் பேச்சிலேயே தட்டுத்தடுமாறிப் பேச ஆரம்பித்துவிட்டாள். பேசியதும்தான் விஷயம் தெரிந்தது. அவர்கள் ஊசிக்குப் பயந்து ஓடவில்லை. கூட வந்த ஆட்களின் காக்கிச் சட்டைக்குப் பயந்து ஓடியிருக்கிறார்கள். காட்டை விட்டு விரட்டப் பட்டியல் எடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள்!

கமலத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினாள்: 'காக்கி வேண்டாம். நீங்கள் மட்டும் புடவையில் வாருங்கள்.'

கமலம் போனாள். எல்லோருக்கும் முன்னால் தெய்வானை தன் கையை நீட்டிக் குத்திக்கொண்டாள். பின்னால் ஒருவர் விடாமல் கை நீட்டினார்கள். அந்த வருடம் அம்மை அந்த மலை ஏறவில்லை.

இப்போது கழகத்தின் மூன்று கேள்விகளை மறுபடி படியுங்கள். மொழி, மலை, உழைப்பு. மெக்சிகோவுக்குப் போய் நான்கு மாதத்தில் செய்ய வேண்டியதை, அமராவதிக்கு மேலே பதினொரு நாளில் செய்துவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி. நாங்கள் மூன்று பேரும் போண்டா தின்றுகொண்டே மண்வெட்டி போட்டோவுக்கு மார்க் போடுகிறோம். வயிறு எரியாதா?

திங்கட்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். லைன் வீடு. வாசலில் பனியன் குவியல். கத்தரிக்கோலால் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு சொல்லலை?"

"சொல்ல ஆரம்பிச்சனுங்க. டூரான்னு கேட்டாங்க. பெரியவங்க ஒண்ணு சொல்றப்ப, மூஞ்சிக்கு நேரா இல்லீங்கன்னு எப்படிங்க சொல்றது?"

"சேவை பண்ணியிருக்கயான்னு கேட்டாரே, அப்பவாச்சும்..."

"அது சேவைங்களா? அந்தக்கா காச்சல்ல கெடந்துச்சு. உட்டுப்போட்டு வர மனசு வல்லீங்க. அதுக்குப் போயி அப்படிப் பேரு வெச்சா நாக்கு கூசுமுங்க."

"வேற பாசை தெரியுமான்னு கேட்டாங்களே?"

"அதை ஒரு பாசைன்னு அந்த ரூமுல ஆருங்க ஒத்துக்குவாங்க? சிவன்மலைக்கே சிரிச்சாங்க."

"அடுத்த வருசம் பார்க்கலாம் கண்ணு" என்று ஏதோ உளறினேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அடுத்த வருசம் ஏதுங்க? சீட்டுக் கெடச்சாப் போ, கெடைக்காட்டி கல்யாணம்னு அப்பா சொல்லிட்டாருங்க. வைகாசியில பொண்ணுப் பார்க்க வர்றாங்க. அப்பாவைக் குத்தம் சொல்ல மாட்டனுங்க. இவ்வளவு சம்மதிச்சதே பெருசு."

"அவ்வளவு ஆசையா கண்ணு உனக்கு?"

"ஒரு வார்த்தை கூடத் தெரியாத ஊட்டுக்குள்ள போயி உக்கோந்து, மொத மொத ஒரு வார்த்தை வெளங்கும் பாருங்க... அது எனக்குத் தெரியுமுங்க. அது மறுபடி வேணுமுங்க." அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள். "நான் சொல்லாதது எம்பட தப்பு. செரீங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமல்லங்க? நீங்க ஏனுங்க சொல்லல?"

பதில் சொன்னேன். கமலம் என் கொழுந்தியாள், நான் பேசினால் வேண்டியவளுக்குப் பேசினேன் என்பார்கள், நேர்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்றெல்லாம் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. நேர்மையாவது மண்ணாவது! தலைவர் முகம் சுளிப்பாரே என்று பயந்தேன். அவ்வளவுதான். அதற்குப் போய் நேர்மை என்று பெயர் வைத்தேன்.

ஊரெல்லாம் நம்மைப் பாராட்டுகிறார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் போல மரியாதையான பேச்சு எங்கும் கிடையாது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'இல்லீங்க' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆமாங்க' சொன்னவள் யார்? பிசிர் வெட்டுகிற வீட்டுப் பெண். அதனால் யாருக்கு நஷ்டம்? அவளுக்குத்தான். இந்த மரியாதை மேலே இருப்பவர்களை ஒரு நாளாவது வாய் மூட வைத்திருக்கிறதா? ஒரு பெண் வாக்கியத்தை முடிக்கும் வரை தலைவரைப் பொறுக்க வைத்ததா? ஹெட்மாஸ்டரைச் சிரிக்காமல் இருக்க வைத்ததா? இதற்குப் பெயர் மரியாதை என்றால் எனக்கு வேண்டாம் ஐயா. தூக்கிக் குப்பையில் போடுங்கள்!

எழுந்து வரும்போது, "இதை நான் எழுதட்டுமா கண்ணு?" என்று கேட்டேன்.

ஒரு பனியனை மடித்தாள். "எழுதுங்க. எம் பேரைப் போட்டே எழுதுங்க. ஆனா சேவை கீவைன்னு மட்டும் பெருசா எழுதீராதீங்க."

அவள் கேட்டபடி சேவை என்கிற பட்டத்தை அவள் தலையில் நான் கட்டவில்லை. நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். கமலம் தன் கைப்பட நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் என் பையில் இருக்கிறது. கமிட்டியில் நான் சொன்ன 'செரிதானுங்க'வைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகத் தலைவருக்குக் கடிதம் கொடுக்கப் போனேன். வெளியூர் போயிருக்கிறார், வியாழக்கிழமைதான் வருகிறார் என்றார்கள். அவர் எப்போது பார்த்தாலும் என் தோளைத் தட்டி, "வியாழக்கிழமை ஆச்சுன்னா மொதல்ல உங்க பக்கத்தைத்தானுங்க புரட்டறது" என்பார்.

புரட்டியாச்சுங்களா, தலைவர் ஐயா? வணக்கமுங்க. மெட்ராஸுக்கு லிஸ்ட் சனிக்கிழமைத் தபாலில்தானுங்களே போகுது?