மாமனாருக்கு வந்த விலை

என் அத்தை, அதாவது என் மாமியார், பேருந்துப் பணிமனையில் இருக்கை உறை தைப்பவர். நாளெல்லாம் தடித்த ரெக்சினோடு மல்லுக்கட்டுவதாலோ என்னவோ, வீட்டிலும் எதையும் அழுத்தித்தான் பேசுவார்.

அத்தையின் தம்பி ஓவியர். குடும்பத்தில் அவருக்கு ‘வெட்டி ஆபீசர்’ என்று பெயர். படம் ஒன்றும் விற்காத காலத்தில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவார். சாப்பிட்ட கையோடு கிடைத்ததில் எதையாவது வரைவார். அப்படித்தான் ஒருநாள், சமையலறை நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிய என் மாமனாரைப் பிளைவுட் பலகை ஒன்றில் வரைந்து கொடுத்தார். அத்தை அதைச் சமையலறையிலேயே சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினார்.

மாமா தவறிய பிறகு, தினமும் காலையில் டீயோடு அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்து அத்தை திட்டுவார். குழாய் ஒழுகுவது, பணிமனையில் தையல் மெஷின் மக்கர் செய்வது, நான் மதியம் வரை துணி காயப்போடாதது, எல்லாம் மாமாவுக்குத்தான் போகும். “நீங்க பாட்டுக்குத் தூங்குங்க” என்று முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். என்னைப் பற்றிய புகார்களை நானே அப்படி ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு வெட்டி ஆபீசருக்கு யோகம் அடித்தது. ஏதோ ஏலத்தில் இரண்டு பணக்காரர்கள் அவர் படத்துக்குப் போட்டி போட, விலை எகிறிவிட்டது. அவர் சும்மா கொடுத்த படங்களைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டுவைத்த சொந்தக்காரர்கள் வயிற்றிலும் வாயிலும் அடித்துக்கொண்டார்கள். அவருடைய புதுக் கண்காட்சியை நடத்திய கேலரிக்காரம்மா, ஆரம்ப காலப் படம் ஒன்றும் வேண்டும் என்று மாமாவை இரவல் வாங்கிப் போனார். பார்வைக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல.

திறப்பு நாளன்று நாங்களும் போனோம். வெள்ளைச் சுவரில், விளக்கு வெளிச்சத்தில் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ‘உறங்கும் தொழிலாளி’ என்று ஓர் அட்டை. “தொழிலாளியா? அவரு சூப்பர்வைசர்” என்றார் அத்தை, கொஞ்சம் சத்தமாகவே.

அங்கேயே ஒருவர் விலை கேட்டார். கேலரிக்காரம்மா எங்கள் காதில் சொன்ன தொகைக்கு வாடகை வீட்டை விட்டுவிட்டுச் சொந்த வீட்டுக்கே போயிருக்கலாம். என் கணவருக்கு வியர்த்துவிட்டது. எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன். அத்தை முடியாது என்றுவிட்டார்.

கண்காட்சி முடிந்து படம் திரும்பி வந்தது, கூடவே கேலரிக்காரம்மாவின் உபதேசமும். வெயில் ஆகாது, நீராவி ஆகாது, எண்ணெய்ப் புகை ஆகவே ஆகாது. என் கணவர் அரண்டுபோய் அதைத் துணியில் சுற்றி, எங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பர்ஸில் போட்டுக்கொண்டார். வாசல் கதவுக்கு இன்னொரு பூட்டும் வாங்கினார்.

அதற்குப் பிறகு அத்தை காலையில் வாயே திறப்பதில்லை. காலி ஆணியைப் பார்த்தபடி டீயைக் குடிப்பார், டம்ளரைக் கழுவி வைப்பார், போவார். நான் பால் பாத்திரத்தை அடுப்பிலேயே கருக்கிய அன்றுகூட ஒரு வார்த்தை வரவில்லை. இதற்கு அந்தப் படத்தை விற்றே தொலைத்திருக்கலாம் போலிருந்தது.

ஒரு விடுமுறை நாளில் அத்தை தன் மகனுக்கு எதிரே வந்து நின்று கையை நீட்டினார்.

“சாவியக் குடு.”

திருடன், ஈரம், மதிப்பு என்று அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அத்தை நீட்டிய கையை மடக்கவில்லை.

“சமையல்கட்டுல மாட்டினா கெட்டுப்போயிடும்மா.”

“மனுஷனே போயிட்டாருடா. இது இருக்கிற வரைக்கும் என்கூட இருக்கட்டும்.”

என் கணவர் பர்ஸைத் திறந்தார். அத்தை நாற்காலியில் ஏறிப் படத்தை மாட்டும்வரை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அத்தைக்கு டீ போட அடுப்பைப் பற்றவைத்தேன்.