வரப்பை விட்டு இறங்கு

போன வாரம் அதிராம்பட்டினத்திலிருந்து என் மச்சான் கைபேசிக்கு ஒரு வீடியோ அனுப்பினான். மச்சான் என்றால் உறவுமுறை இல்லை. அவன் கடைத்தெரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, நான் கீழ்வேளூர் பக்கத்துக் குத்தகை விவசாயி மகன். பட்டாளத்தில் ஒரே தட்டில் தின்ற வகையில் அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மாப்ள. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனிமேல் மாற்ற முடியாது.

விடிந்தால் ரோஜாப்பூ போட்டு வணக்கம் அனுப்புகிற கூட்டத்தில் அவனும் ஒருத்தன். அதனால் திறக்காமலே விட்டிருப்பேன். கூடவே குரலும் அனுப்பியிருந்தான்.

"மாப்ள, இதைப் பாரு. நம்ம படம்டா."

எந்த நாட்டு ராணுவமோ, எந்தப் போருக்கோ தன் சிப்பாய்களுக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒருவன் சேற்றில் எப்படி ஊர்ந்து போவது என்று காட்டிக்கொண்டிருந்தான். அது நாங்கள் பார்த்த படம் இல்லை. ஆனால் அதற்குப் பங்காளி முறை வரும். அதே கரகரப்பு, அதே அதட்டல் குரல், நடுநடுவே மழை பெய்கிற மாதிரி அதே கோடுகள். என் மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ஏங்க, இதில் கதாநாயகி எப்போது வருவாள் என்று கேட்டாள். இதில் கதாநாயகி கிடையாது, கால்தான் உண்டு என்றேன். அவளுக்குப் புரிந்தது. இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்தவள் அவள்.

பட்டாளம் என்றால் துப்பாக்கி சுடுவது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். போர் நெருங்கியபோது நாங்கள் துப்பாக்கி பிடித்ததைவிடத் திரையைப் பார்த்த நேரம்தான் அதிகமோ என்று தோன்றும். காரணம் எளிது. அது எழுபத்தொன்றாம் வருஷம், கிழக்கே சண்டை வரப்போகிறது, ஆள் வேண்டும், நாள் இல்லை. ஒவ்வொருவனையும் ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஆற்றையும் காட்டையும் கூடாரத்துக்குள் கொண்டுவந்தார்கள். அடிபட்டவனை முதுகில் எப்படித் தூக்குவது, கழுத்தளவு தண்ணீரில் துப்பாக்கியை நனையாமல் எப்படிப் பிடிப்பது, டீக்கடையில் அறிமுகமில்லாதவனிடம் எதைப் பேசக்கூடாது என்றெல்லாம் படம் உண்டு. பாதத்தைக் கழுவித் துடைப்பதற்கென்றே ஒரு படம் இருந்தது. குளித்துவிட்டுக் கால் துடைக்கத் தெரியாதவனா நான் என்று எனக்கு அதன் மேல் ஒரு கோபம்.

கூடாரத்தைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியிருப்பார்கள். உள்ளே வேர்வை, மண்ணெண்ணெய் நாற்றம், பாதிப் பேரின் குறட்டை. படம் இங்கிலீஷில் பேசும். உஸ்தாத், அதாவது எங்கள் பயிற்சி ஹவில்தார், அதை இந்தியில் சொல்வார். தமிழ்ப் பையன்கள் நாங்கள் நாலைந்து பேர் மூலையில் இரண்டும் புரியாமல் உட்கார்ந்திருப்போம். மச்சானின் பெயரைப் பார்த்துவிட்டு அவனுக்கு உருது தெரியும், அதனால் இந்தியும் புரியும் என்று உஸ்தாத் தானாகவே முடிவு கட்டினார். மொழிபெயர்க்கும் வேலையை அவன் தலையில் கட்டிவிட்டார். அவன் வீட்டில் வாப்பாவும் உம்மாவும் பேசுகிற பாஷை தமிழ்தான். உருது அவனுக்கு எனக்குத் தெரிந்த அளவுதான் தெரியும். ஆனால் கொடுத்த பதவியை எவன் வேண்டாம் என்பான்? வாய்க்கு வந்ததைச் சொன்னான். திரையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி வரைபடத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருப்பார். இவர் தன் கல்யாணத்துக்கு வழி சொல்கிறார், மொய் எழுதாதவனுக்குச் சாப்பாடு கிடையாதாம் என்பான் இவன். அந்தக் கூடாரத்தில் எங்கள் மூலை மட்டும் தூங்காமல் இருந்தது அவனால்தான்.

அப்படி ஒரு நாள் வந்ததுதான் அந்த நெல் வயல் படம்.

ஏதோ கீழை நாட்டு வயல். திரை முழுக்கக் கதிர் தலை சாய்ந்து நின்றது. வீட்டை விட்டு வந்தபின் நான் பார்த்த முதல் நெற்பயிர் அது. மற்றவர்கள் சிப்பாய்களைப் பார்த்தார்கள், நான் பயிரைப் பார்த்தேன். பால் பிடித்து முற்றிவிட்டது, இன்னும் பத்துப் பதினைந்து நாளில் அறுக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். ஒருவன் வரப்பில் ஏறி நடந்தான். வானத்துக்கு எதிரே அவன் உருவம் தனியாகத் தெரிந்தது. நாலு அடி போனான். மண்ணில் புதைத்திருந்த கண்ணிவெடி வெடித்தது, ஆளைக் காணோம். இரண்டாமவன் வரப்பை விட்டு இறங்கி, விளைந்த பயிருக்குள் திமுதிமுவென்று மிதித்துக்கொண்டு போனான்.

"அடப்பாவி!" என்று கத்திவிட்டேன்.

உஸ்தாத் இயந்திரத்தை நிறுத்தினார். விளக்குப் போட்டார்கள். செத்தவனுக்காகக் கத்தினேன் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். இல்லை, பயிரை மிதித்தவனைத் திட்டினேன் என்று மச்சான் கையையும் காலையும் ஆட்டி விளக்கினான். அவன் செய்த முதல் நேர்மையான மொழிபெயர்ப்பு அதுதான். கூடாரமே சிரித்தது. உஸ்தாத் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்த பார்வையின் பொருள் எனக்கு விளங்கியது. நாங்கள் போகப்போகிற கிழக்கு நாடு முழுக்க நெல் வயல். எதிரி வெடியைப் புதைப்பது ஆள் நடக்கிற இடத்தில், அதாவது வரப்பில். நானோ வரப்பைத் தவிர வேறு எதிலும் கால் வைக்கத் தெரியாதவன்.

எங்கள் பக்கத்தில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. காலில் நெல் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர். ஏழு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத பங்காளியின் வயலாக இருந்தாலும் சுற்றிக்கொண்டு வரப்பில்தான் போவார்கள். வரப்பை வெட்டிச் சண்டை போடுவான், கோர்ட்டுக்குப் போவான், ஆனால் கதிர் விட்ட பயிரில் கால் வைக்க மாட்டான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் விஷயத்தில் அந்தப் பழக்கமே சுடுகாட்டுக்கு வழிகாட்டும் போலிருந்தது.

எல்லோரும் ஒருமுறை பார்த்த படத்தை உஸ்தாத் எனக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார். முகாமில் கோவேறு கழுதைகளுக்குத் தீவனம் விளைந்த வயல் ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய் விட்டுப் பயிருக்குள் நட என்றார். தலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. கால் நேரே வரப்புக்குப் போனது. கழுதை தின்கிற புல்லைக்கூட மிதிக்க முடியவில்லை என்றால் என்ன சொல்வது? சரளைக் கல்லில் குட்டிக்கரணம் போட வைத்தார். எழுந்து வந்தேன், கால் மறுபடியும் வரப்புக்கே போனது. எனக்கே பயம் வந்துவிட்டது. நான் செத்துப் போவேன், அதுவும் படம் போட்டுக் காட்டிய பிறகும் செத்துப் போவேன் என்று தோன்றியது.

கடைசியில் உஸ்தாத் என்னை மச்சானிடம் ஒப்படைத்தார். இவன் பின்னாலேயே போ, வரப்பில் கால் வைத்தால் பெல்ட்டைப் பிடித்து இழு என்று உத்தரவு. அவனுக்குப் பயிரென்றால் ஒரு கூச்சமும் கிடையாது. வாப்பா கடையில் அரிசி மூட்டை மேல் ஏறிப் படுத்துத் தூங்கி வளர்ந்தவன். உத்தரவில் அவன் எடுத்துக்கொண்ட அக்கறை இருக்கிறதே, சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றாலும் பெல்ட்டை விடமாட்டான். இப்போதும் என் ஊருக்கு வந்து வயலைப் பார்க்கப் போனால், எழுபது வயது தாண்டிய கிழவன் என் பின்னால் துண்டைப் பிடித்துக்கொண்டு வருகிறான். அறுவடை இயந்திரம் ஓட்டுகிற பையன்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த இயந்திரம் திரும்புகிறேன் என்று ஓரத்துப் பயிரை நசுக்கும்போது எனக்கு இன்றைக்கும் வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை. அவர்கள் சிரிப்பதற்கு ஒன்றுக்கு இரண்டு காரணம் இருக்கிறது.

போர் வந்தது. ஆறுகளைத் தாண்டிப் போனோம். நம்ம ஊரில் சம்பா கதிர் வாங்குகிற மாதம் அது, அங்கேயும் நெல் விளைந்து கிடந்தது. ஒரு நாள் விடிகிற நேரத்தில் ஒரு கிராமத்துக்குள் போகச் சொன்னார்கள். அன்றைக்கு முன்னால் நடக்கிற முறை என்னுடையது. நான் எங்கே கால் வைக்கிறேனோ அங்கேதான் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் வைப்பார்கள்.

பனி மூடியிருந்தது. பனியில் நனைந்த கதிர் வாசம் கீழ்வேளூரில் வருவதுபோலவே வந்தது. எதிரே அகலமான வரப்பு. வலது பக்கம் முற்றிய பயிர், பார்வைக்கு ஒரு தாள்கூடச் சாயாமல் நின்றது. படம் முழுக்க எனக்கு நினைவிருந்தது. இருந்தும் கால் வரப்பை நோக்கி எழும்பியது. மச்சான் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தான்.

"எறங்கு மாப்ள," என்றான் காதோடு. "கெஞ்சிக் கேக்குறேன், எறங்கு."

இறங்க முடியவில்லை. உயிர் மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற ஆசை நிறையவே இருந்தது. இருந்தும் அந்தப் பயிரில் என் கால் போகவில்லை.

அப்போதுதான் தடத்தைப் பார்த்தேன். பயிருக்குள் ஒற்றை ஆள் போன தடம். மாடு போயிருந்தால் மேய்ந்திருக்கும். பூட்ஸ் போட்ட சிப்பாய் போயிருந்தால் பயிர் படுத்திருக்கும். இது ஒரு நெற்குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே பாதம் பார்த்து வைத்து, குறுக்கே சாய்ந்த கதிரைக் கையால் ஒதுக்கிவிட்டு, மனசு வராமல் போனவனின் தடம். திரும்பி வரப்பைப் பார்த்தேன். பல நாளாக ஒரு கால் படாமல் அங்கே புல் மண்டிக் கிடந்தது. வயலுக்குச் சொந்தக்காரனே தன் வரப்பை விட்டு, தன் பயிருக்குள் இறங்கிப் போயிருக்கிறான். அத்தனை முறை போட்ட படம் சொன்னதையேதான் அந்தத் தடமும் சொன்னது. ஆனால் சொன்னவன் என்னைப் போல ஒருத்தன்.

இறங்கினேன். நெல் பூட்ஸுக்கு அடியில் நெரிந்தது. மன்னிச்சுக்க, மன்னிச்சுக்க என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியாது. என் பின்னால் அத்தனை பேரும் அதே தடத்தில் வந்தார்கள். மறுபக்கம் போய்ச் சேர்ந்தபோது வயலின் நடுவே வண்டித்தடம் போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

மதியத்துக்குள் ஊர் எங்கள் கைக்கு வந்துவிட்டது. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்து அந்த வரப்பிலிருந்து சோற்றுப்பானை மூடி மாதிரி தகரங்களைத் தோண்டி எடுத்து வைத்தார்கள். முதல் வெடி நான் கால் வைக்கப்போன இடத்துக்கு இரண்டடி தள்ளி இருந்தது. மச்சான் தன் குவளையிலிருந்த தேநீரை என் குவளையில் ஊற்றினான்.

எனக்கு அந்த வயல்காரரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வயலை ஒட்டிய வீட்டில்தான் இருந்தார், கூடவே மனைவியும். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டேன். வயலைக் காட்டினேன், என்னைக் காட்டினேன், மிதிப்பதுபோல் நடித்துக் காட்டினேன். தமிழிலேயே மன்னிப்புக் கேட்டேன். என் அப்பாவும் அடுத்தவர் நிலத்தை உழுகிறவர்தான், எனக்குத் தெரியும் என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர்கள் வயலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அந்த அம்மாள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சுவர் ஓரமாகப் பாயில் அவர்கள் மகன் உட்கார்ந்திருந்தான். என் வயதுதான் இருக்கும். இடது முழங்காலுக்குக் கீழே லுங்கியை மடித்துச் செருகியிருந்தான், அதற்குள் ஒன்றும் இல்லை. கட்டு இன்னும் பழசாகவில்லை. அவள் ஒரு முறத்தில் பொரி கொண்டுவந்து அவனுக்கும் எனக்கும் நடுவே வைத்து, உட்காரச் சொல்லிப் பாயைத் தட்டிக் காட்டினாள். அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். நான் உட்கார்ந்தேன். என் இரண்டு கால்களையும் எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.