ரூத்தம்மா எனக்கு விற்ற மைதா மூட்டைகள்

விடிகாலைப் பனியில் யூகலிப்டஸ் விறகுப் புகையும் வேகிற ரொட்டியும் கலந்து ஒரு வாசம் வரும்... எங்கள் தெருவுக்கே அதுதான் அலாரம். வருடத்தில் ஒரு வாரம் மட்டும் அது வராது.

பக்கத்து வீட்டு ரூத்தம்மாவின் அடுப்பு அது. கொடைக்கானலுக்கு சீசனில் வருகிறவர்கள் தேடி வந்து வாங்கும் ரொட்டி. யூதப் பெண்மணி. சின்னப் பிள்ளையாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி பம்பாய் வந்தவர். ஐரோப்பாவிலேயே நின்றுபோன அம்மா, அக்கா, சித்தப்பா குடும்பம்... ஒருவரும் நாஜி முகாமிலிருந்து திரும்பவில்லை. அப்பாவும் போன பிறகு, இந்த மலையில் அவர்கள் ஆட்களில் அவர் ஒருவர்தான்.

நான் கல்யாணமாகி வந்த புதிது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் ஒருநாள் வெள்ளனே வந்து கதவைத் தட்டினார்.

"ஜெசி, எங்கிட்ட இருக்குற மாவு, ரொட்டி, பிஸ்கட்டு எல்லாத்தையும் நீ வெலைக்கு வாங்கிக்கணும். ஒரு ரூவா குடு."

"வெளையாடுறீங்களா ரூத்தம்மா?"

வேதாகமத்தில் 'புளிப்பில்லாத அப்பப் பண்டிகை' என்று எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அதைப் பக்கத்து வீட்டில் ஒருவர் இன்னும் அனுசரிக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்த எட்டு நாளும் புளிக்கக்கூடிய மாவு எதுவும் யூதருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாதாம். வேறு மதத்தவருக்கு விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம்.

ரூபாயை வாங்கிக்கொண்டு சாமான் அறைச் சாவியை என் கையில் வைத்தார்.

"சும்மா பேருக்குத்தானே?" என்றேன்.

"பேருக்குன்னா நான் எதுக்கு விக்கணும்? நெசமாவே ஒன்னோடது."

திறந்து பார்த்தால்... திண்டுக்கல்லிலிருந்து லாரியில் வந்த மைதா மூட்டைகள், கூரை வரைக்கும். மே மாத சீசனுக்காகக் கையில் இருந்ததையெல்லாம் போட்டு வாங்கிய சரக்கு.

அந்த வாரம் பார்த்துக் கோடை மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. மலைப்பாதையில் மரமும் மண்ணும் சரிந்து, லாரி, பஸ் எதுவும் ஏறவில்லை. கடைகளில் அரிசி தீர்ந்தது. பேத்துப்பாறைப் பக்கம் 'லயம்' என்கிற வரிசை வீடுகளில், சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய கூலிக் குடும்பங்கள் இருந்தன. வேலை நின்றதும் அவர்களுக்குச் சாப்பாடும் நின்றது.

அங்கிருந்து செல்லம்மா அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நனைந்து வந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் கோதும மா இருந்தா தாங்க. ரொட்டி தட்டிக் குடுத்தா பிள்ளைக அடங்கும். லயம் முழுக்க அடுப்பு அணைஞ்சு கெடக்கு."

என் வீட்டு டப்பாவில் இருந்தது ஒரு குடும்பத்துக்கே காணாது. என் கண் சாவியின் மேல் போனது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"ஏ கிறுக்கச்சி! ஒரு ரூவாய்க்கு அந்தம்மா பொழப்பையே தூக்கிக் குடுக்கப் போறியா? வெரசாப் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வா."

போனேன். ரூத்தம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கத்தி நின்றது.

"எந்த மாவு? எங்கிட்ட மாவே இல்லையே."

"சரின்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"சொல்ல மாட்டேன் ஜெசி. வேணாம்னும் சொல்ல மாட்டேன். எதச் சொன்னாலும் அது என் மாவுன்னு ஆயிரும், பண்டிகை போச்சு. எங்க வீட்டுல இதச் செய்ய மிச்சம் இருக்குறது நான் ஒருத்தி."

மறுபடி கிழங்கைச் சீவத் தொடங்கினார்.

ஜெபம் பண்ணினேன். பிறகு அறையைத் திறந்தேன்.

லயத்து ஆட்கள் மூட்டைகளைத் தோளில் ஏற்றி அவர் ஜன்னலைத் தாண்டித்தான் போனார்கள். அவர் தலை நிமிரவில்லை. பாதை சரியாகும் வரை கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

பண்டிகை முடிந்ததும் ரூபாயோடு வந்தார். அறையை ஒருமுறை பார்த்தார். மூலையில் கொஞ்சம் கிடந்தது.

"மிச்சம் இருக்குறத வாங்கிக்கிறேன்."

நான் அழுதுவிட்டேன்.

"எதுக்குடி அழுகுற? ஒன் மாவ நீ குடுத்த."

அந்த மே மாதம் புது மாவுக்கான பணத்துக்காக அவர் வீட்டுப் பியானோ விலையாகி, லாரி ஏறிக் கீழே போனது. ஊரில் ஒருவரிடமும் அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அடுத்த வருடம் வேறு ஆளைத்தான் பார்ப்பார் என்று நினைத்தோம். சாவியோடு எங்கள் வாசலில் நின்றார்!

"மறுபடி எங்கிட்டயா? பயமா இல்லையா ரூத்தம்மா?"

"பயம் இருக்கு. பயமே இல்லாம வித்தா அது என்ன விக்கிறது?"

ரூத்தம்மா இப்போது இல்லை. வட்டக்கானல் பக்கம் போனால் சுற்றுலா வந்த இஸ்ரேல் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள். அதே பண்டிகைக்கு நீள மேஜை போட்டு, கைதட்டிப் பாடுகிறார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அன்று இந்த மலையில் அந்தப் பண்டிகைக்கு ஒரே ஒருவர். கூடப் பாட ஆள் கிடையாது. தவறினால் கேட்கவும் ஆள் கிடையாது.

ஈஸ்டருக்கு எங்கள் சபை நிரம்பி வெளியே பந்தல் போடுகிறோம். அந்தக் கூட்டத்தில் நின்று பாடும்போதெல்லாம் யோசிப்பேன்... நான் ஒருத்தி மட்டும் மிஞ்சியிருந்தால், பாடுவேனா?

தெரியவில்லை.