கெர்னலுக்குள் நான் விட்ட பிழை

கேமராவின் படத்தைக் கணினிக்குள் கொண்டுசேர்ப்பது என் தொழில். படம் ஓடும்வரை நம்மை யாரும் தேடமாட்டார்கள், நின்றால் ஊரே தேடும் என்பது இதே வேலையில் கிடந்து அல்லாடும் உங்களுக்குச் சொல்லியா தெரியவேண்டும்?

இரண்டு வழி

நாகர்கோவிலில் எங்கள் சின்ன கம்பெனி. ரப்பர் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்குமாகக் கேமராவிலிருந்து வீடியோ பிடிக்கும் பெட்டி ஒன்றைச் செய்தோம். அதைக் கணினியோடு பேசவைக்க இரண்டு வழி. கணினியின் உள்மூளையான கெர்னலுக்குள், பெட்டியை இயக்கும் டிரைவர் என்ற நிரலை எழுதலாம்: வேகம் உண்டு, ஆனால் பிழை இருந்தால் கணினியே உறைந்துவிடும். அல்லது தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்பான ஃபிரேம்வொர்க்கை வைத்து, வெளியே சாதாரண புரோகிராமாக எழுதலாம்: கொஞ்சம் மெதுவு, விழுந்தாலும் அது மட்டும்தான் விழும்.

கூட வேலைபார்க்கும் ஷெரின் இரண்டாவதே போதும் என்றாள். அதெல்லாம் கத்துக்குட்டிகள் வேலை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை.

“அவ்வளவு வேகம் எதுக்கு சார்? ரப்பர் ஷீட்டும் கல்யாணமும்தானே பாக்கப்போவுது.”

குலசேகரம்

ரப்பர் ஷீட்டைக் கேமராவில் பார்த்துத் தரம்பிரிக்க, குலசேகரத்தில் ஒரு வியாபாரி எங்கள் பெட்டியை வாங்கினார். வாரத்துக்கு இரண்டு முறை கணினி உறைந்தது. டிரைவர்மேல் எனக்கே சந்தேகம் இருந்தது. ஆனாலும் உங்கள் கரண்டு சரியில்லை என்றேன். மனிதர் நம்பி, கடை முழுக்க வயரிங்கை மாற்றினார். மாற்றியதைக் காட்டக் கூப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே திரை உறைந்தது.

“வயரு எல்லாம் மாத்தியாச்சு தம்பி. இனி கடைய மாத்தவா?”

குளச்சல்

அப்போதாவது திருந்தியிருக்க வேண்டும். இரண்டு வரியைத் திருத்திவிட்டு, அதே டிரைவரோடு குளச்சலில் ஒரு நிக்காஹ் நேரலைக்குப் போனேன். மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு வளைகுடாவில் லீவு கிடைக்கவில்லை. அங்கிருந்து ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் சம்மதம் சொல்லும் நேரத்தில் கணினி செத்தது. திரும்ப உயிர்வந்தபோது எல்லோரும் பிரியாணிக்கு எழுந்துவிட்டார்கள்.

வாப்பாவே ஃபோனில் அழைத்தார். நெட் போய்விட்டது என்று கூசாமல் சொன்னேன். பரவாயில்லை என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

“நெட்டு போனா நீ என்ன செய்வ மக்கா? சாரமில்ல.”

ஷெரின்

மறுநாள் நடந்ததையெல்லாம் சொல்லி, வேலையை அவளிடமே கொடுத்தேன். நான்கு நாளில் ஃபிரேம்வொர்க்கை வைத்து எழுதி முடித்தாள். படம் ஒரு கண்ணிமைப்பு தாமதம், யாருக்கும் தெரியவில்லை. குலசேகரத்தில் புரோகிராம் இரண்டுமுறை விழுந்து, கடைக்காரர் கவனிக்கும்முன் தானே எழுந்துகொண்டது. நன்றாக இருக்கிறது என்றேன். அவள் திரையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“அந்த வாப்பாகிட்ட நெட்டுன்னு சொன்னியளே சார், அத எப்பம் மாத்தப்போறிய?”

டிரைவரை மாற்ற நான்கு நாள் போதுமாக இருந்தது. அவருக்கு ஃபோன் போட நான்கு மாதமாகியும் எனக்குக் கை வரவில்லை.